செவிடன் காதில் ஊதிய சங்கு

(பங்கின் பொன்விழாவையொட்டிப் பங்கு மண்டபத்தில் நடைபெற்ற நலவாழ்வுக் கருத்தரங்கில், இவ்வூரைச் சேர்ந்தவரும் ஓய்வுபெற்ற செவித்திறன் பரிசோதகருமான அன்பர் ஒருவர் ஆற்றிய உரை)

 

நம் ஊர் கடலை நம்பி வாழ்ந்த ஊர். மீன் பிடித்தவர்களும் உண்டு, சங்கு குளித்தவர்களும் உண்டு. என் தகப்பனார் சங்கு குளித்தவர். எனவே சங்கைப் பற்றிய ஒரு பழமொழியோடு தொடங்குகிறேன். "செவிடன் காதில் ஊதிய சங்கு" என்று நாம் எல்லோரும் சொல்கிறோம். எவ்வளவு சொன்னாலும் பயனில்லை என்பது அதன் பொருள். முப்பத்திரண்டு ஆண்டுகள் காது கேளாதவர்களோடு பழகியவன் என்ற முறையில் ஒன்று சொல்லிக்கொள்கிறேன்: இந்தப் பழமொழி பாதிதான் உண்மை. மீதிப் பாதியை விளக்கவே இன்று உங்கள் முன் நிற்கிறேன்.

ஒரு சிறு சோதனை

முதலில் ஒரு சிறு சோதனை செய்வோம். பெரியவர், சிறியவர் எல்லோரும் சேர்ந்து செய்யலாம். வலது கை ஆட்காட்டி விரலால் வலது காதை இலேசாக அடைத்துக்கொள்ளுங்கள். இனி வாயை மூடிக்கொண்டு "ம்ம்ம்" என்று ஒரே சுருதியில் முனகுங்கள். வெட்கப்பட வேண்டாம். பாடகர் குழுவினர் கொஞ்சம் உரக்கவே முனகலாம்!

சரி, போதும். சத்தம் எந்தக் காதில் பெரிதாகக் கேட்டது? திறந்திருந்த இடது காதிலா? இல்லை. அடைத்து வைத்த வலது காதில்தானே! அடைத்த காதில் சத்தம் குறையவேண்டும், கூடியது. காரணம், உங்கள் முனகல் காற்று வழியாக அந்தக் காதுக்குப் போகவில்லை. தொண்டையில் பிறந்த அதிர்வு மண்டை எலும்பின் வழியாக உட்காதுக்குச் சென்றது. காதுத் துவாரத்தை அடைத்ததால் வெளியே போகவேண்டிய அதிர்வு உள்ளேயே தங்கியது. வெளி இரைச்சலும் உள்ளே வரவில்லை. ஆகவே சத்தம் பெருகிற்று.

இன்னொன்றும் நீங்கள் கண்டிருப்பீர்கள். நம் குரலை நாமே ஒலிப்பதிவில் கேட்டால், "இது என் குரலா?" என்று கூச்சமாயிருக்கும். நாம் பேசும்போது நம் குரல் காற்று வழியாகவும் எலும்பு வழியாகவும் சேர்ந்து நமக்குக் கேட்கிறது. ஒலிப்பதிவில் காற்று வழி மட்டுமே உண்டு. ஊரார் கேட்கும் நம் குரல் அதுதான்.

இரண்டு வழிகள், ஒரே வாசல்

காதை மூன்று அறைகள் உள்ள வீடாக நினைத்துக்கொள்ளுங்கள். முதல் அறை, நாம் பார்க்கும் காது மடலும் துவாரமும். அதன் முடிவில் செவிப்பறை என்னும் மெல்லிய தோல் கதவு. இரண்டாவது அறை நடுச்செவி. அதில் சுத்தி, பட்டடை, அங்கவடி என்று மூன்று சின்னஞ்சிறு எலும்புகள் ஒன்றோடொன்று கோத்து நிற்கின்றன. நம் உடலிலேயே மிகச் சிறிய எலும்பு இந்த அங்கவடிதான்; ஏறக்குறைய 3 மில்லிமீட்டர். மூன்றாவது அறை உட்செவி. அங்கே நத்தை வடிவில் சுருண்ட எலும்புக் குழலுக்குள் நீர் நிறைந்திருக்கிறது. அந்த நீரில் உள்ள நுண்ணிய மயிரணுக்கள் அதிர்வை உணர்ந்து நரம்பு வழியாக மூளைக்குச் சேதி அனுப்புகின்றன.

காற்றில் வரும் ஒலி நேரே நீரில் பட்டால் பெரும்பகுதி திரும்பிப் போய்விடும். நாம் கடலில் முங்கியிருக்கும்போது கரையில் நிற்பவன் கூப்பிட்டால் கேட்பதில்லை அல்லவா? அதைப்போலத்தான். இந்த இழப்பை ஈடுகட்டவே செவிப்பறையும் மூன்று எலும்புகளும் அழுத்தத்தை ஏறக்குறைய 20 மடங்கு பெருக்கி உட்செவிக்குக் கொடுக்கின்றன. இது காற்று வழி. மண்டை எலும்பு அதிர்ந்து, இந்த இரண்டு அறைகளையும் தாண்டி, நேராக மூன்றாவது அறையின் நீரை ஆட்டுவது எலும்பு வழி.

வழிகள் இரண்டானாலும் சேருமிடம் ஒன்றே. இதை 1932ல் புடாபெஸ்ட் நகரில் ஜியார்ஜ் ஃபான் பெக்கெசி என்ற அறிஞர் அழகாக மெய்ப்பித்தார். எலும்பு வழியாக ஒரு சுருதியைக் கொடுத்தார். அதே சுருதியைக் காற்று வழியாக, எதிர் அலையாக, அளந்து கொடுத்தார். இரண்டும் ஒன்றையொன்று அழித்து அமைதியாயிற்று! ஒரே இடத்தில் சேராவிட்டால் ஒன்றை மற்றொன்று எப்படி அழிக்கும்? உட்செவி ஆராய்ச்சிக்காக அவருக்கு 1961ல் நோபல் பரிசு கிடைத்தது.

இசைக்கவை முதல் இயந்திரம் வரை

பற்களுக்கு இடையே ஒரு கோலைக் கடித்துக்கொண்டால் அதன் மறுமுனையில் எழும் ஒலியை உணரலாம் என்று பதினாறாம் நூற்றாண்டிலேயே இத்தாலிய வைத்தியர் கார்டானோ எழுதி வைத்தார். 1711ல் ஜான் ஷோர் என்ற ஆங்கிலேய இசைக் கலைஞர் வாத்தியங்களுக்குச் சுருதி சேர்க்க இரண்டு கால்களுள்ள இசைக்கவையை உண்டாக்கினார். வாத்தியக்காரரின் கருவி பின்னாளில் வைத்தியரின் கருவியாயிற்று. 1834ல் ஜெர்மானியரான வேபர், அதிரும் இசைக்கவையைத் தலையில் வைத்தால், அடைபட்ட காதின் பக்கம் ஒலி சாயும் என்று விளக்கினார். நீங்கள் சற்று முன் முனகிச் செய்தது அவருடைய சோதனைதான்! 1855ல் ரின்னே என்பவர் எலும்பு வழிக் கேள்வியையும் காற்று வழிக் கேள்வியையும் இசைக்கவையால் ஒப்பிட்டார்; அவர் பெயரால் வழங்கும் சோதனையில் இசைக்கவையைக் காதின் பின்னெலும்பில் வைத்து, பிறகு காதுக்கு முன்னே பிடித்து, எங்கே நன்றாகக் கேட்கிறது என்று பார்ப்பார்கள். நல்ல காதானால் முன்னே பிடிக்கும்போதுதான் அதிகம் கேட்கும். பின்னே வைக்கும்போது அதிகம் கேட்டால் நடுவழியில் ஏதோ தடை இருக்கிறது என்று பொருள்.

1920களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் மின்சார ஆடியோமீட்டர் விற்பனைக்கு வந்தது. ஒலியை அளக்க டெசிபல் என்ற அளவும் அந்தப் பத்தாண்டிலேயே வழக்கிற்கு வந்தது. அந்தச் சொல்லில் உள்ள 'பெல்', தொலைபேசி கண்ட அலெக்சாண்டர் கிரகாம் பெல்லின் பெயர். அவருடைய தாயாருக்குக் காது மந்தம். மனைவிக்குக் காது கேளாது. பிறர் தாயாரின் ஊதுகுழலில் கத்திப் பேசியபோது, மகன் தாயின் நெற்றியருகே வாயை வைத்துத் தாழ்ந்த குரலில் பேசுவாராம். அந்த மகனின் பெயராலேயே இன்று கேள்வியை அளக்கிறோம் என்பது பொருத்தம்தான்.

பரிசோதனை அறைக்குள்

பலர் பரிசோதனைக்கு வரவே பயப்படுகிறார்கள். ஊசி இல்லை, வலி இல்லை. சத்தம் புகாத சிறு அறையில் உட்காரவைத்துக் காதில் ஒலிபெருக்கியை மாட்டுவோம். "சத்தம் எவ்வளவு மெலிதாய்க் கேட்டாலும் விரலைத் தூக்குங்கள்" என்று சொல்வோம். கேட்டால் சத்தத்தை 10 டெசிபல் குறைப்போம். கேட்காவிட்டால் 5 டெசிபல் கூட்டுவோம். இப்படி இறங்கியும் ஏறியும், பாதி முறையாவது கேட்கும் மிகக் குறைந்த அளவைக் கண்டு குறித்துக்கொள்வோம். 250 ஹெர்ட்ஸ் என்னும் கட்டைக் குரலிலிருந்து 8000 ஹெர்ட்ஸ் என்னும் கீச்சுக் குரல் வரை ஒவ்வொன்றாகச் செய்வோம். இது காற்று வழிச் சோதனை.

பிறகு ஒலிபெருக்கியைக் கழற்றிவிட்டு, தீப்பெட்டியிலும் சிறிய ஒரு அதிர்வுக் கட்டையைக் காதுக்குப் பின்னே மேடாகத் தட்டுப்படும் எலும்பில் பட்டை போட்டு வைப்போம். அதே சோதனையை மறுபடியும் செய்வோம். இது எலும்பு வழிச் சோதனை.

முடிவில் ஒரு கட்டம் போட்ட காகிதம் கிடைக்கும். காற்று வழிக்கு, வலது காது சிவப்பு வட்டம். இடது காது நீலப் பெருக்கல் குறி. எலும்பு வழிக்குக் கோணக் குறிகள். மேலே 0 டெசிபல். அதற்குச் சத்தமே இல்லை என்று பொருளல்ல. நல்ல காதுள்ள இளைஞர்கள் சராசரியாகக் கேட்கும் மிக மெல்லிய ஒலி அது. கோடு கீழே இறங்க இறங்கக் குறை அதிகம். இரகசியம் பேசுவது சுமார் 30. சாதாரணப் பேச்சு சுமார் 60.

அன்பர்களே, இந்தக் காகிதத்தைப் படிக்க ஒரே ஒரு விதியை மனத்தில் கொள்ளுங்கள். காற்றுக் கோடு, குறை எவ்வளவு என்று சொல்லும். எலும்புக் கோடு, குறை எங்கே என்று சொல்லும். காற்றுக் கோடு கீழேயும் எலும்புக் கோடு மேலேயும் விலகி நின்றால், உட்செவி நன்றாயிருக்கிறது. முன்னிரு அறைகளில்தான் தடை. குறும்பி, சளிநீர், செவிப்பறையில் ஓட்டை, அசையாத எலும்பு என்று ஏதாவது இருக்கும். இவற்றில் பெரும்பாலானவற்றுக்கு மருந்தோ அறுவை மருத்துவமோ உண்டு. இரண்டு கோடுகளும் ஒட்டிக்கொண்டு கீழே விழுந்தால், குறை உட்செவியிலோ நரம்பிலோ இருக்கிறது. அதற்குப் பெரும்பாலும் காது கேட்கும் கருவி, மிகக் கடுமையாயின் உட்செவிக்குள் பொருத்தும் கருவி என்று வழி வேறு.

என் தகப்பனாரின் காகிதம்

இனி என் வீட்டுக் கதையைச் சொல்ல அனுமதியுங்கள். என் அப்பா இருபது ஆண்டுகளுக்கு மேல் சங்கு குளித்தார். எட்டுப் பாகம், பத்துப் பாகம் ஆழம் சாதாரணம். பத்து மீட்டர் இறங்கினால் மேலே உள்ள காற்றழுத்தத்தின் அளவு இன்னொரு பங்கு கூடிவிடும். மூக்கைப் பிடித்து ஊதி நடுச்செவியைச் சமன் செய்யாவிட்டால் செவிப்பறை கிழியும். வலது காது அப்படித்தான் கிழிந்தது. ஆறாமல் சீழ் வடிந்துகொண்டே இருந்தது. பிறகு ஒருநாள், கடும் தடுமலோடு இறங்கினார். காது திறக்கவில்லை. அழுத்தி ஊதினார். தலை சுற்றி, இடது காதில் இரைச்சலோடு மேலே வந்தார். அன்றுமுதல் அந்தக் காது பேசவில்லை. 1976ல் தொழிலை விட்டார்.

அப்பா வீட்டில் மிக மெதுவாகப் பேசுவார். "காது கேளாதவர் கத்தித்தானே பேசுவார்? இவர் முணுமுணுக்கிறாரே, வேண்டுமென்றே நம்மைக் கேட்காதது போல் இருக்கிறார்" என்று ஊரில் சொன்னார்கள். வீட்டிலும் சொன்னோம். நானே ஒருநாள் சாப்பாட்டு வேளையில் அவர் முகத்துக்கு நேரே கத்தியிருக்கிறேன். அவர் சோற்றைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனார். அந்த மெதுவான குரலே ஒரு சாட்சி என்பது எனக்கு அப்போது தெரியாது. நடுச்செவித் தடை உள்ளவருக்குத் தம் குரல் எலும்பு வழியாகப் பெரிதாகக் கேட்கும். ஆகவே தாழ்த்திப் பேசுவார். உட்செவி கெட்டவர்தான் தம் குரலும் கேளாமல் உரக்கப் பேசுவார்.

1979ல் ஒரு கருவி விற்குமிடத்தில் அவரைச் சோதித்தார்கள். காதில் ஒலிபெருக்கி மட்டும் மாட்டினார்கள். எலும்பு வழிச் சோதனை செய்யவில்லை. இரண்டு காதுக்கும் கீழே கிடக்கும் இரண்டு கோடுகளைக் காட்டி, "நரம்பு செத்துவிட்டது, மெஷின்தான் வழி" என்றார்கள். சட்டைப் பையில் வைக்கும் பெட்டி ஒன்றை விற்றார்கள். வலது காதில் சீழ் வடிந்ததால் அதன் முனையை இடது காதில் செருகினார்கள். எங்கள் அம்மா காதுத் தோட்டை அடகு வைத்து வாங்கிய பெட்டி அது. ஒரு மாதத்தில் தகரப் பெட்டிக்குள் போய்விட்டது.

நான் இந்தப் படிப்புக்கு வந்தபின், 1988ல் அப்பாவை என் ஆசிரியரிடம் அழைத்துச் சென்றேன். வலது காது: காற்று வழி 55, எலும்பு வழி 10. அந்தக் காகிதத்தைப் பார்த்து எனக்குக் கை நடுங்கிற்று. ஒன்பது ஆண்டுகளாக ஒரு நல்ல உட்செவி, கிழிந்த கதவுக்குப் பின்னால் காத்துக்கொண்டிருந்திருக்கிறது!

இடது காதிலும் எலும்புக் கோடு மேலேயே நின்றது. "இரண்டு காதையும் சரி செய்துவிடலாம்!" என்று நான் துள்ளினேன். ஆசிரியர் சிரிக்கவில்லை. "அவசரப்படாதே. மண்டை எலும்பு ஒன்றுதானே? இடது பக்கம் வைத்த அதிர்வு வலது உட்செவிக்கும் போகிறது. வலது காது கேட்டுவிட்டு இடது காதுக்காக விரலைத் தூக்குகிறது" என்றார். வலது காதில் இரைச்சலைக் கொடுத்து அதற்கு வேலை வைத்துவிட்டு, இடது காதை மறுபடியும் சோதித்தார். இப்போது இடது காதின் எலும்புக் கோடு இருந்த இடம் தெரியாமல் மறைந்தது. நாங்கள் கண்டது நிழல். இந்த ஒரு படியை விட்டிருந்தால் பயனில்லாத காதிலும் கத்தி வைத்திருப்பார்கள்.

1989ல் வலது காதில் அறுவை மருத்துவம் நடந்தது. காதுக்கு மேலே உள்ள தசையின் மெல்லிய உறையை எடுத்துச் செவிப்பறையின் ஓட்டையை மூடினார்கள். சில மாதங்கள் கழித்துச் சோதித்தபோது காற்றுக் கோடு 25க்கு ஏறியிருந்தது. ஒருநாள் காலை அம்மா அடுப்படியில் கடுகு தாளித்தபோது, திண்ணையில் இருந்த அப்பா திரும்பிப் பார்த்தார். அவ்வளவுதான் நடந்தது. அம்மா கரண்டியைக் கீழே வைத்துவிட்டு அழுதார்கள். இடது காது கடைசிவரை திரும்பவில்லை. அப்பா 2003ல் காலமாகும்வரை மனிதர்களை வலப்பக்கம் உட்காரவைத்தே பேசினார்.

வீட்டில் கவனிக்க வேண்டியவை

இதிலிருந்து நாம் கற்கவேண்டியவை சில உண்டு.

முதலாவது, சோதனைக்குப் போனால் "எலும்பு வழியும் பார்த்தீர்களா?" என்று கேளுங்கள். கேட்பது குற்றமல்ல, உங்கள் உரிமை. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி, பேச்சுக்குரிய சுருதிகளில் இரு காதுகளிலும் 70 டெசிபல் குறைந்தவர் காது கேளாதவர். 60 முதல் 70 வரை குறைந்தவர் கேட்கும் திறன் குறைந்தவர். சான்றிதழும் சலுகையும் இந்த அளவைப் பொறுத்தே கிடைக்கும். காது கேட்கும் கருவிக்கு மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தை அணுகுங்கள்.

இரண்டாவது, ஒரு காது திடீரென்று அடைத்துக்கொண்டால் "குறும்பிதான், சளிதான்" என்று வாரக்கணக்கில் காத்திருக்காதீர்கள். முனகிப் பாருங்கள். சத்தம் அடைத்த காதின் பக்கம் சாய்ந்தால் தடை நடுவழியில் இருக்கலாம். நல்ல காதின் பக்கமே சாய்ந்தால் உட்செவி அடிபட்டிருக்கலாம். அன்றைக்கே டாக்டரிடம் ஓடுங்கள். அதற்கான மருந்து முதல் சில நாட்களில், அதிகம் போனால் இரண்டு வாரத்திற்குள் தொடங்கினால்தான் பலன் எதிர்பார்க்கலாம். முனகல் வழிகாட்டிதான், தீர்ப்பல்ல. எப்படிச் சாய்ந்தாலும் பரிசோதனை வேண்டும்.

மூன்றாவது, காய்ச்சிய எண்ணெய், வெற்றிலைச் சாறு, ஊக்கு, கோழி இறகு எதையும் காதுக்குள் விடாதீர்கள். செவிப்பறையில் ஓட்டை இருந்தால் அவை நேரே நடுச்செவிக்குள் போகும்.

நான்காவது, பிள்ளைகள். சளிபிடித்த பிள்ளையின் நடுச்செவியில் வலியே இல்லாமல் நீர் தேங்கும். 20, 30 டெசிபல் குறையும். பள்ளியிலும் மறைக்கல்வி வகுப்பிலும் பின் வரிசையில் இருந்து, கேட்டும் கேளாமலும் விழித்து, மந்தம் என்று பெயர் வாங்கும். அடிக்குமுன் காதைச் சோதியுங்கள். "சத்தம் கேட்டால் இந்தக் கட்டையைக் கூடையில் போடு" என்று விளையாட்டாகவே மூன்று வயதுப் பிள்ளையைக்கூடச் சோதிக்கலாம். கைக்குழந்தைக்கு அது தூங்கும்போதே செய்யும் சோதனைகள் உண்டு.

ஐந்தாவது, நம் ஊர்த் தம்பிகளுக்கு. இன்று கம்ப்ரசர் காற்றோடு குளிக்கிறீர்கள். காற்று மேலிருந்து வந்தாலும் அழுத்தம் அதே அழுத்தம்தான். தடுமலோடு இறங்காதீர்கள். காது திறக்காவிட்டால் அழுத்தி ஊதாமல் மேலே வாருங்கள். ஒருநாள் சங்கு போனால் போகட்டும்.

பங்குக்கு ஒரு விண்ணப்பம்

சீழ் நிற்காத காது, துவாரமே இல்லாமல் பிறந்த காது ஆகியவற்றுக்கும் இன்று வழி உண்டு. எலும்பையே அதிரச் செய்யும் கருவியைப் பட்டை போட்டு மாட்டலாம். மண்டை எலும்பில் பதித்த சிறு திருகில் பொருத்தும் முறையை 1977ல் ஸ்வீடன் நாட்டில் தொடங்கினார்கள். கதவு மூடியிருந்தால் சுவர் வழியாகவே சேதி அனுப்பலாம் என்பதைத்தான் இத்தனை அறிஞர்களும் நமக்குக் காட்டியிருக்கிறார்கள்.

முடிக்குமுன் பங்குத் தந்தை அவர்களுக்கு ஒரு விண்ணப்பம். என் அப்பா பல ஆண்டுகள் பாவசங்கீர்த்தனத்திற்குப் போகவில்லை. விசுவாசம் குறைந்ததால் அல்ல. சாமியார் தமக்காக உரக்கப் பேசவேண்டியிருக்கும், வரிசையில் நிற்பவர் காதில் விழும் என்ற கூச்சத்தால். இன்றும் நம் பங்கில் அப்படி ஒதுங்கி இருக்கும் பெரியவர்கள் உண்டு. அவர்களுக்காக மாதம் ஒருநாள், ஆலயத்தின் பின்னறையில், கதவைச் சாத்திக்கொண்டு முகம் பார்த்துப் பேச ஏற்பாடு செய்தால் இந்தப் பொன்விழாவுக்கு அது நல்ல நினைவுச் சின்னமாக இருக்கும். நாமும் நம் வீட்டுப் பெரியவர்களிடம் கத்தாமல், முகத்துக்கு நேரே நின்று, நிறுத்தி நிதானமாகப் பேசப் பழகுவோம்.

இனி யாராவது "செவிடன் காதில் ஊதிய சங்கு" என்று சொன்னால், நீங்கள் திருப்பிக் கேளுங்கள்: "எந்த வழியாக ஊதிப் பார்த்தீர்கள்?"